புதைக்கத் தகுந்த புத்தகம்

செப்டம்பர் 11, 1873

காலை ஜெபத்தில் மேடைமேல் ஒரு நாற்காலி கூடியிருந்தது. என் நாற்காலிக்கு இடப்பக்கம். பதினெட்டு வருடமாக அந்த இடத்தில் என் தொப்பியை வைத்துக்கொண்டிருந்தேன். இன்று அங்கே டாக்டர் ஜூலியன் மெரியம் உட்கார்ந்திருந்தார். வயது இருபத்தேழு. ஜெர்மனியில், லைப்சிக்கில் பட்டம் வாங்கி வந்தவர். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் முழுவதும் கண்ணை மூடாமல் இருந்தேன்.

கல்லூரித் தலைவர் லாத்ரப் வாசலில் என் தோளைத் தட்டினார். "உங்களுக்கு ஒத்தாசையா ஒரு ஆள், ஹாஸ்கெல். ஒண்டியா எத்தனை நாளுக்குத்தான் இழுப்பீங்க?"

ஒத்தாசை கேட்டது யார்? நான் கேட்டது நிலக்கரி வாசனை இல்லாத ஒரு வகுப்பறை.

பகலில் அந்தப் பிள்ளை என் அறைக்கு வந்தது. வகுப்புகளைப் பிரித்துக்கொண்டோம். இரண்டாம் ஆண்டுப் பையன்களை அவர் தலையில் கட்டினேன். கல்லூரியிலேயே அடங்காத கூட்டம் அது. "எந்தப் புத்தகம் சார் நடத்தணும்?" என்றார். நான் எழுதிய 'பிரெஞ்சு முதல் நூல்' எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல்தான் கிடந்தது. "உங்க இஷ்டம். லைப்சிக்ல எதைப் படிச்சாங்களோ அதையே நடத்துங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? 'உங்க புத்தகத்தையே நடத்துறேன் சார்' என்று அவர் சொல்வாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 20

சனிக்கிழமை. அவித்த மொச்சையும் பழுப்பு ரொட்டியும். என் மனைவி லவினியா, மெரியமையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ரயிலில் ஒரு ஜெர்மன்காரி இவர் தொப்பிமேல் உட்கார்ந்த கதையைச் சொன்னார். லவினியா சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. அது இன்னும் அவளிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ரொட்டி அவருக்கு மூன்று துண்டு. எனக்கு இரண்டு.

அக்டோபர் 14

ஊர் மண்டபத்தில் மெரியமின் முதல் சொற்பொழிவு. பழைய பிரெஞ்சுப் பாட்டுகளைப் பற்றி. பெஞ்சு நிறைந்து சுவரோரமும் ஆள் நின்றார்கள். செருப்புக்கடைக்காரர்கூட வந்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சில் 'வணக்கம்' சொல்லத் தெரியுமா?

என்னை ஒருவரும் எந்த மண்டபத்துக்கும் கூப்பிட்டதில்லை. எனக்குக் கிடைத்தது மதியச் சாப்பாடு முடிந்த மணிநேரம். பாதிப் பையன்கள் தூங்குவார்கள், மீதிப் பேர் அவர்களை எழுப்பாமல் பார்த்துக்கொள்வார்கள்.

கிரேக்கப் பேராசிரியர் டிங்லி என் பக்கத்தில் நின்றார். "என்னய்யா ஹாஸ்கெல், மூஞ்சி புளிச்ச ஆப்பிள் மாதிரி இருக்கு?" பல்வலி என்றேன்.

அக்டோபர் 29

எழுத்து கோணலாக வருகிறது.

நெசவாலைக்காரரின் விதவை திருமதி ப்ரூவிட், கல்லூரிக்குப் பணம் கொடுத்து நவீன மொழிகளுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் இருக்கை ஏற்படுத்துகிறாராம். ஜூன் மாதம் கல்லூரியின் அறங்காவலர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தனை வருடம் நான் பேராசிரியர் என்ற பெயரோடு ஒவ்வொரு கோடையிலும் 'அடுத்த வருஷம் வரலாமா?' என்று கேட்டு நின்றவன். கிரேக்கத்துக்கு இருக்கை உண்டு, லத்தீனுக்கு உண்டு. எங்களுக்கு மட்டும் முக்காலி. இனி இது என்னுடையது. வேறு யாருக்கு?

வீட்டுக்கு ஓடாத குறையாக வந்து லவினியாவிடம் சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ மெரியமுக்கும் ஏதாவது நல்லது நடக்கும், இல்லீங்களா?"

கையை உருவிக்கொண்டேன்.

நவம்பர் 27

நன்றி செலுத்தும் நாள். வான்கோழி. மெரியமுக்கு அவள் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாள், சாம்பல் நிறத்தில். "பாவம், சிப்லி அம்மா வீட்டு மாடில குளிருதாம்" என்றாள். எதிர் வீடுதான் அது. குளிர் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மட்டுமா வருகிறது?

டிசம்பர் 9

இன்று காலை ஜெபத்தில் என் இடப்பக்க நாற்காலி காலி.

பத்து மணிக்குப் படிக்கட்டில் பார்த்தேன். "தூங்கிட்டேன் சார்" என்றார், வெட்கமே இல்லாமல். சளி என்றாவது சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 10

இன்றும் காலி.

ஆசிரியர் குழுவின் செயலாளர் நான்தான். மொழி வாத்தியாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று இந்த வேலையையும் கொடுத்தார்கள். செயலாளர் பதிவேட்டில் பழைய விதி ஒன்று உண்டு: ஜெபத்துக்கு வராத ஆசிரியர் பெயரையும் தேதியையும் எழுதவேண்டும், ஜூனில் அறங்காவலர்கள் முன் செயலாளர் எழுந்து அதைப் படிக்கவேண்டும். எனக்கு முன்னால் இருந்த செயலாளரும் எழுதவில்லை, நானும் எழுதியதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் எழுந்து 'குறிப்பு ஏதும் இல்லை' என்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். விதி செத்துப் பல வருடம் ஆகிறது.

ஆனால் அடித்துவிடவில்லையே? விதி விதிதானே?

எழுதினேன். டிசம்பர் 9, மெரியம். டிசம்பர் 10, மெரியம். கையெழுத்து மிக அழகாக வந்தது.

ஜனவரி 22, 1874

மெரியம், ஏழாவது தடவை. டிங்லியும் மூன்று வாரமாக வருவதில்லை. அவருக்கு முழங்கால் வலி. அவர் பெயரை எழுதவில்லை. முழங்கால் வேறு, சோம்பேறித்தனம் வேறு.

இதை இரண்டாவது தடவை படித்துப் பார்க்கமாட்டேன்.

பிப்ரவரி 16

பாஸ்டனிலிருந்து என் புத்தகத்தை அச்சடித்தவர் கடிதம் போட்டிருக்கிறார். கையிருப்பு தீர்ந்துவிட்டதாம், மறுபடி அச்சடிக்கலாமா என்று கேட்கிறார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடமோ! இங்கே என் புத்தகத்தை யாரும் புதிதாக வாங்கியதில்லை. அண்ணன்மார் விட்டுப்போனதைத் தம்பிமார் எடுத்துக்கொள்வார்கள். பிரிக்காத பக்கம் பிரிக்காமலே கைமாறும். நான்தான் அடித்துச் சொல்லிக்கொடுக்கவில்லையே. மொழியை மிரட்டியா ஊட்டுவது என்று விட்டுவிட்டேன்.

அச்சடிக்கச் சொல்லி எழுதினேன். முகம் தெரியாத அந்தப் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 3

பன்னிரண்டு.

ஏப்ரல் 21

இன்று கேட்டதை எழுதாமல் தூக்கம் வராது.

இரண்டாம் ஆண்டுப் பையன்கள் நாலைந்து பேர் கிணற்றடியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். கேலப் என்கிற நெட்டையன்தான் தலைவன்.

"டேய், இந்த வருஷம் டிங்லிக்கு லீவு குடுத்துடலாம்டா. மெரியம் வகுப்புப் புத்தகத்தைத்தான் பொதைக்கணும்."

"ஆமாண்டா. கனவுல எல்லாம் வருது எனக்கு."

"ஒரு பக்கம் விடுறானா அந்த ஆளு? அடிக்குறிப்பக்கூட ஒப்பிக்கச் சொல்றான்!"

ஜூன் மாதத்தில் இரண்டாம் ஆண்டுப் பையன்கள் தங்களை அதிகம் வாட்டிய புத்தகத்துக்குச் சவ அடக்கம் செய்வது இங்கே வழக்கம். கறுப்புப் பெட்டி, பறை, பொய்ப் போதகர், அழுவதற்கு வெங்காயம். புத்தகம் எழுதியவரோ நடத்தியவரோ இருக்கும் வாசலில் ஊர்வலம் நிற்கும். அவர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கவேண்டும். ஆண்டுதோறும் டிங்லியின் கிரேக்க இலக்கணத்துக்குத்தான் அந்த மரியாதை. "காட்டுமிராண்டிப் பசங்க!" என்று கத்துவார்; ஆனால் ஜூன் முதல் தேதியே பழைய தொப்பியைத் தூசு தட்டிக் கதவருகே மாட்டிவைப்பார்.

என் புத்தகத்தைப் புதைக்கவேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை. யாரையும் வாட்டாத புத்தகத்தை யார் புதைப்பார்கள்? வந்து ஒரு வருடம் ஆகவில்லை, இவருடைய ஜெர்மன் சரக்குக்கு அடக்கமா?

சாப்பிடும்போது வாய்விட்டுப் புலம்பிவிட்டேன். லவினியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீட்டுல பொணமா இருக்கணும். இப்படியும் ஒரு ஆசையாங்க?"

"சிரிக்காதே."

"நான் சிரிக்கலைங்க. பயமா இருக்கு."

மே 12

வகுப்பு முடிந்ததும் மெரியம் கதவைத் தட்டினார். "ஒரு சந்தேகம் சார். உங்க புத்தகத்துல வினைச்சொல் பகுதி—"

"நேரமில்லை" என்றேன். மேசைமேல் ஒன்றும் இல்லை. அதை அவரும் பார்த்தார். என் புத்தகத்தில் குறை கண்டுபிடித்துவிட்டு, அதைச் சந்தேகம் என்று பெயர் வைத்துக் கொண்டுவருகிறார். லைப்சிக் சூழ்ச்சி.

பதினேழு.

ஜூன் 8

பத்தொன்பது. லாத்ரப் வழியில் நிறுத்தி, "அறங்காவலர்கள் ரெண்டு பேரு மெரியம் மெரியம்னே பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க மனசத் தளரவிடாதீங்க" என்றார். மனம் தளரவில்லை. எரிகிறது. அவர் இளமை, அவர் கூட்டம், அவர் சாம்பல் நிறக் காலுறை, எல்லாவற்றையும் பார்க்க எரிகிறது. இதைக் கடவுளிடம் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஜூன் 23

படித்தேன்.

அறங்காவலர்கள் பன்னிரண்டு பேர், நீள மேசை. ஓரத்தில், மூத்த பேராசிரியர் என்ற முறையில் டிங்லி. "செயலாளர் குறிப்பு ஏதாவது உண்டா?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அடுத்த தாளைப் புரட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். பத்தொன்பது தேதி. ஒவ்வொரு தேதிக்குப் பிறகும் ஒரே பெயர். ஐந்தாவது தேதியில் தாள் புரட்டும் சத்தம் நின்றது. பத்தாவதில் டிங்லி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முழங்காலில் கை வைத்திருந்தார்.

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.

முடிந்ததும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். இருக்கையைப் பற்றிப் பேச வேண்டுமாம். வராந்தாவில் நின்றபோது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்.

ஜூன் 24

இதை எப்படி எழுதுவேன்?

இன்று அடக்கம். மாலை ஆறு மணிக்கு வெயில் இருக்கும்போதே பறைச் சத்தம் கேட்டது. நான் செருப்பும் சட்டையுமாக ஜன்னலில் நின்றேன். எதிர் வீட்டு வாசலில் மெரியம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பார் இவனை, இப்போதே கழற்றிவிட்டான், அத்தனை ஆசை என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர்வலம் தெருவில் திரும்பியது. வீட்டு அங்கியை முன்பின்னாகப் போட்டுக்கொண்ட அறுபது பையன்கள். வெங்காயத்தால் கண்ணெல்லாம் சிவப்பு. பெட்டி எதிர் வீட்டுப் பக்கம் போகவில்லை. என் வாசலில் நின்றது.

எனக்கு விளங்கவில்லை. வழி தவறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். லவினியாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"தொப்பி! தொப்பியக் கழட்டுங்க!"

"நான் போட்டுக்கவே இல்லையே."

அவள் உள்ளே ஓடி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துவந்து என் தலையில் வைத்தாள். அவளே என் கையைத் தூக்கி அதைக் கழற்றவும் வைத்தாள். செருப்புக் காலோடு வாசலில் போய் நின்றேன். பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே, வெள்ளைத் துணிமேல், 'பிரெஞ்சு முதல் நூல், லெமுவேல் ஹாஸ்கெல்'.

கேலப் போதகர் மாதிரி காலரைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருந்தான். பெட்டிமேல் ஏறாத குறையாக நின்று ஒப்பாரி வைத்தான்.

"அன்பான சகோதரர்களே! பதினெட்டு வருஷமா நம்ம அண்ணன்மாருங்க இந்தப் புத்தகத்தத் தலைமாட்டுல வெச்சு நிம்மதியா தூங்கினாங்க. நாம என்ன பாவம் பண்ணோம்? இருநூத்தி நாப்பது பக்கம்! மெரியம் சார் ஒரு பக்கம் விட்டாரா? 'லைப்சிக்ல எல்லாத்தையும் பாத்துட்டேன், இதவிட நல்ல புத்தகம் அங்கயும் இல்ல'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரே! நல்ல வேளை அங்க இல்ல. அந்தப் புள்ளைங்களாவது பொழைச்சுப் போகட்டும்!"

அறுபது பேரும் ஓ என்று அழுதார்கள். லவினியா நிஜமாகவே அழுதாள். நான் தெருவைத் தாண்டிப் பார்த்தேன். மெரியம் தலை குனிந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்காகத் தொப்பியைக் கழற்றி நின்றார்.

இதற்குத்தானே ஏங்கினேன்! கிடைத்துவிட்டது. நேற்று இதே வாயால் அந்தப் பத்தொன்பதையும் படித்துவிட்டு வந்தபின் கிடைத்தது. பாஸ்டனில் தீர்ந்துபோன கையிருப்பு இந்த அறுபது பையன்கள் வாங்கியது. மே மாதம் அவர் கொண்டுவந்தது நிஜமாகவே சந்தேகம்.

பாவி. நான் பாவி.

ஜூன் 25

டிங்லி காலையில் வந்தார், உட்காரவில்லை. இருக்கை போதகர் ட்ராஸ்குக்குப் போகிறதாம். இரண்டு வருடம் பாரிசில் அமெரிக்கர்களுக்குப் பிரசங்கம் செய்தவர். கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குப் பிரெஞ்சு தெரியும்.

"முந்தாநாள் வரைக்கும் உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான்யா இருந்துது. நீ படிச்சதும் ஒரு கிழவர் சொன்னாரு: 'ஒருத்தன் ஜெபத்துக்கு வரமாட்டான், இன்னொருத்தன் அத எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பான். ரெண்டுமே நமக்கு வேணாம்.'" வாசலில் திரும்பினார். "ஜனவரில பூரா நான் வரலையே ஹாஸ்கெல். எம்பேரு எங்க?"

லவினியா எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து கேட்டுவிட்டாள். இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஜூன் 27

மெரியம் போகிறார். ஓஹையோவில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டிருக்கிறது. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது தெருவைக் கடந்து போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் "மெரியம், அந்தப் பதிவேடு—" என்றுதான் வந்தது.

"டிங்லி சார் சொன்னாரு." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "பத்தொன்பது இல்ல சார், இருபத்திரண்டு. மார்ச்சுல நீங்க பாஸ்டன் போயிருந்தப்போ மூணு நாள் தூங்கிட்டேன். அத விட்டுட்டீங்க."

கோபமா, கேலியா, மன்னிப்பா? நானும் வாழ்நாளெல்லாம் சொற்களோடு கிடந்தவன். தெரியவில்லை. பிறகு, "அந்த வினைச்சொல் சந்தேகத்தக் கடுதாசில கேட்கலாமா சார்?" என்றார்.

கேளுங்கள் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. கணுக்காலில் சாம்பல் நிறக் காலுறை தெரிந்தது. வெயில் காலத்தில் யார் அதைப் போடுவார்கள்? லவினியா பார்க்கட்டும் என்று போட்டிருக்கிறார். இதை எழுதும்போதும் அந்தப் பழைய எரிச்சல் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. போகட்டும்.

ஆகஸ்டு 19

ஓஹையோவிலிருந்து கடிதம். நான்கு பக்கம், எல்லாம் வினைச்சொல். கடைசியில் ஒரு வரி: 'இங்கும் உங்கள் நூலையே வைத்திருக்கிறேன், மாணவர்கள் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டார்கள்.' லவினியாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "பதில் எழுதுங்க" என்றாள். ஜூனுக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை.

செப்டம்பர் 10

கல்லூரி திறந்தது. ஜெப மணி அடித்தபோது விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். போகவில்லை. பத்து மணிக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். புதிய பக்கம். செப்டம்பர் 10, ஹாஸ்கெல்.

ஒன்று.

செப்டம்பர் 19

ஒன்பது. ஞாயிறு கணக்கில் இல்லை. போதகர் ட்ராஸ்க் தன் இருக்கையிலிருந்து என் காலி நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாராம். லாத்ரப் கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றார். "தூங்கிட்டேன் சார்" என்றேன்.

அக்டோபர் 1

பத்தொன்பது. இங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. "இன்னும் மூணு இருக்கு" என்றாள் லவினியா. காப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

அக்டோபர் 5

இருபத்திரண்டு. எழுதி, மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

ஜூன் மாதம் 'செயலாளர் குறிப்பு உண்டா?' என்று கேட்பார்கள். உண்டு. எழுந்து நின்று நான்தான் படிக்கவேண்டும்.

நாளைக் காலை ஜெபத்துக்குப் போவேன். இடப்பக்க நாற்காலி காலியாகத்தான் இருக்கிறதாம். அதில் தொப்பியை வைக்கமாட்டேன்.